பஞ்சுமலைக்கு ஒரு சுமை

மழை பெய்து ஓய்ந்து வானம் வெறித்த நாட்களில் மட்டும் ஓலப்பட்டியிலிருந்து மேற்கே பார்த்தால் ஒரு நீலக் கோடு தெரியும். அதற்குப் பேர் பஞ்சுமலை. அந்தக் கோட்டின் மேல் போய் ஒரே ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும் என்று எங்கள் கீழத்தெருவில் ஒருத்தி ஆசைப்பட்டாள். அவள் ஆசைப்பட்டதால்தான் உலகம்மாள் வீட்டுக்குள் இன்றைக்கும் சில நாள் சாயங்காலம் தூறல் போடுகிறது. எதற்குப் பிறகு எது நடந்தது என்று கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடலாம். ஏன் நடந்தது என்றால் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் யாரும் அதைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

ஆசைப்பட்டவள் பேர் சுடலைவடிவு. வடிவு என்றுதான் கூப்பிடுவோம். தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போடுகிறவள். அவளிடம் ஒரு மூணு சக்கர சைக்கிள் உண்டு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பின்னதன் மேல் நாலு பக்கமும் கம்பி வைத்த பலகைத் தட்டு. கேன்களை அடுக்கிக்கொண்டு போகும்போது பூப்போல ஓடும் வண்டி, காலி கேன்களோடு திரும்பும்போது கல்லைக் கட்டினது போல இழுக்கும். வேலை செய்த அலுப்புத்தான் காலில் இறங்குகிறது என்று வடிவு நினைத்திருந்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம், அவள் அலுப்பைப் பற்றி நாங்கள் நினைத்த அளவுக்கு.

அவள் போகாத ஊர் கிடையாது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ பதினாறாம் நாளோ இருந்தது, அவள் கையில் இருந்த பையைக் கீழே வைப்பதற்குள் அவள் முன்னால் ஒரு முறம் வந்துவிடும். "வடிவு வந்துட்டியா, நல்லதாப் போச்சு, இந்தச் சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுக் குடு தாயி." உரித்துக் கொடுப்பாள். திருச்செந்தூரில் ஒன்றுவிட்ட அத்தை வீட்டுக்குப் போனபோதும் உரித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாள். சந்நிதியில் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவளைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்கள் என்ன பக்தி, என்ன பக்தி என்று அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்து மாடிக்குக் கேன் தூக்கிக்கொண்டு ஏறும்போது அந்த நீலக் கோடு தெரியும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டாள். "ஒருத்தரும் இல்ல. சாமிகூடப் பாதி மலையிலேயே நின்னுட்டாரு. மேகம் மட்டும் வரும், போகும்" என்றார் வாத்தியார். அன்றைக்கு ராத்திரி வடிவுக்குத் தூக்கம் வரவில்லை. ஒருத்தரும் இல்லாத இடம்.

பிறகு ஒரு நாள் அவள் செல்போனில், வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் சுமை சைக்கிள் ஒன்றில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதையும், பொழுது சாய்ந்த இடத்தில் கூடாரத்தை அடித்துப் படுத்து, விடிந்ததும் சுருட்டிக்கொண்டு கிளம்புவதையும் பார்த்தாள். அவள் புருஷன் கொம்பையா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் போய் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தீங்களா, நம்ம வண்டி மாதிரியே இருக்கு."

"நம்ம வண்டில தண்ணி கேன் போகும். நாம போக முடியுமாளா?"

"கேனை விட நாம கனமா?"

கொம்பையா யோசித்தான். அவன் யோசித்தால் கை தானாக இஞ்ச்டேப்பைத் தேடும். "கூடாரம் எத்தனை அடி வேணும்?" என்றான்.

கூடாரத்துக்குத் துணி சும்மா கிடைத்தது. எங்கள் ஊர் மில் முதலாளி சித்திரைவேல் ஒரு தடவை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் மேல் பாசமுள்ளவர்கள் அவசரப்பட்டு, பெரிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்றை அச்சடித்துவிட்டார்கள். முதலாளி ஆட்டோவில் இறங்கி, தன் படத்துக்குக் கீழேயே நடந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த ஃப்ளெக்ஸை வாங்க ஆள் இல்லை. கொம்பையா அதைக் கேட்டு எடுத்து வந்து வெட்டித் தைத்து, மழை ஒழுகாத அருமையான கூடாரமாக்கினான். ஒரே குறை, முதலாளியின் முகம் சரியாக வாசல் பக்கம் வந்துவிட்டது. ஜிப்பை மேலே இழுத்தால் முதலாளி வாயைத் திறந்து உள்ளே வா என்பார்.

தெருவில் யாருக்கும் இந்தப் பயணம் பிடிபடவில்லை. "வீட்டுல சண்டையா?" என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றதும், "வேண்டுதலா?" என்று கேட்டார்கள். அதுவும் இல்லை என்றதும், "வீடு இருக்கையில எதுக்குடா கூடாரம்?" என்று கொம்பையாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அவளுக்கு ஆசை" என்றான். ஆசை என்பதைத் தெரு கொஞ்ச நேரம் வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. சண்டைதான் என்று முடிவாயிற்று.

கிளம்பிய காலையில் கொம்பையா சுமையைக் குறைத்திருந்தான். வெள்ளைக்காரன் பல் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு இவனும் வெட்டி, அதை மளிகைக் கடைத் தராசில் வைத்து, முள் அசையவில்லை என்று எல்லோருக்கும் காட்டினான். கூடாரம், ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொஞ்சம் ரவை, அவ்வளவுதான். வடிவு சீட்டில் ஏறி மிதித்தாள். வண்டி நகரவில்லை. கொம்பையா பின்னாலிருந்து தள்ளினான். நகரவில்லை. வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து தள்ளினார்கள், ரோட்டில் கால்தான் வழுக்கியது. சைக்கிள் கடை ஜெபமணி அண்ணாச்சி வந்து வண்டிக்குக் கீழே படுத்து, பிரேக்கைப் பார்த்து, பேரிங்கைப் பார்த்து, எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போக இஷ்டம் இல்ல."

அப்போதுதான் உலகம்மாள் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரி அவள். பஞ்சுமலை அடிவாரத்தில் தேனூத்து என்று ஒரு ஊர், அங்கே அவளுடைய தங்கை முப்பிடாதி இருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் அக்கா தன்னைப் பந்திக்கு நேரில் வந்து கூப்பிடவில்லை, ஆள்விட்டுத்தான் கூப்பிட்டாள் என்று கோபித்துக்கொண்டு போனவள் இன்னும் திரும்பவில்லை. அந்தப் பக்கம் யார் போனாலும் உலகம்மாள் ஒரு தூக்குவாளி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுவாள். ஊறுகாயை வைத்துக்கொண்டு தூக்குவாளியைக் கழுவி, காலியாகத் திருப்பி அனுப்புவாள் முப்பிடாதி. எங்கள் பக்கம் நிறைந்து போன பாத்திரம் வெறுமனே வரக்கூடாது. ஒன்றும் இல்லாத வீட்டில்கூட இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கழுவித் துடைத்த காலிப் பாத்திரம் என்றால் செவிட்டில் அறைந்தது மாதிரி. அந்த அறையை வாங்கிக்கொண்டு உலகம்மாள் அடுத்த ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்குவாள்.

"தேனூத்து வழியாத்தான போற? இதை அவகிட்டக் குடுத்துரு. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். சொல்லாமலும் இருந்துராத" என்று தூக்குவாளியைத் தட்டில் வைத்தாள்.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

எல்லோரும் வண்டியைப் பார்த்தோம். ஜெபமணி அண்ணாச்சி கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "இன்னொண்ணு வைங்க" என்றார்.

வழியில் தங்களுக்கு யாருமே இல்லை என்று சொல்லக்கூடிய வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. கொக்குளத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் பேரனுக்கு மரத்தொட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்கள்; வண்டி இன்னும் இலேசாயிற்று. ஒருத்தர் சம்பந்தி வீட்டுக்கு என்று அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தார், இன்னும் இலேசாயிற்று. தையல் மெஷின் வந்தது, சீர் கொடுக்க மறந்துபோன குத்துவிளக்கு வந்தது, முறுக்கு டின் வந்தது, கொழுந்தியாளுக்கு மாத்திரை வந்தது, ஒரு சேவல் வந்தது, கடைசியில் கதவு ஆளுயரத்துக்கு இருக்கும் ஒரு ஸ்டீல் பீரோவை நாலு பேர் தூக்கி வந்து வைக்கவும், வண்டி காற்றில் ஆடுகிற பட்டம்போல ஆட ஆரம்பித்து, அதைப் பிடித்துக் கரண்டுக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா பீரோவுக்கு வேன் பிடிக்க அலைஞ்சிருக்க மாட்டேன்" என்று பீரோக்காரர் வருத்தப்பட்டார். வேறு யாரும் எதற்கும் வருத்தப்படவில்லை. ஜெபமணி அண்ணாச்சி முடிச்சை அவிழ்த்தார். வடிவு மிதிக்கிறாளா, மிதிப்பதுபோல் பாவனை செய்கிறாளா என்று சொல்ல முடியாதபடி, பீரோவும் அம்மியும் அண்ணாந்து கூவிய சேவலுமாக வண்டி மேற்கே போயிற்று. கொம்பையா கடைசி வரை அவனுடைய பாதி பிரஷ்ஷைப் பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

முதல் நாள் பொழுது சாயக் கொக்குளத்துக் கண்மாய்க் கரையில் கூடாரம் அடித்தார்கள். வடிவு ஆசையாகப் பாயை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். நீட்டிய காலை மடக்குவதற்குள் கரையில் ஆள் சேர்ந்துவிட்டது. கூடாரத்தின் மேல் மாலை போட்ட முகம் இருக்கிறது, கண்ணீர் அஞ்சலி என்று இருக்கிறது.

"யாரு தாயி தவறுனது?"

"யாரும் தவறல. இவரு உசுரோட நல்லாத்தான் இருக்காரு."

"அப்படித்தான் தோணும். எங்க அப்பா போனப்பவும் எங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரு அம்மாள் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் தலைவிரித்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள், முதலாளியின் மில்லையும் மீசையையும் படத்தில் பார்த்துப் பாட்டில் சேர்த்துக்கொண்டு. எவ்வளவோ சொல்லிப் பார்த்த கொம்பையா, அவர்கள் கொண்டுவந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் பார்த்த பிறகு வாதாடுவதை விட்டுவிட்டான். "நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னான். "துக்க வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது, எங்க வீட்டுக்கு வந்து படுத்துக்கோங்க" என்று ஊரே கூப்பிட்டது. வடிவு பயந்துபோனாள். கும்பிட்டு, கெஞ்சி, கூடாரத்துக்குள் போய் முதலாளியின் வாயை ஜிப்பு போட்டு மூடிக்கொண்டாள்.

மறுநாள் தொட்டிலைக் கொடுத்தார்கள், அம்மியைக் கொடுத்தார்கள், பீரோவை இறக்கினார்கள். வாங்கினவர்கள் சும்மா அனுப்புவார்களா. தொட்டில் வாங்கினவள் ஒரு மூட்டை நிலக்கடலை கொடுத்தாள், "எங்க அம்மாகிட்டக் குடுத்துருங்க." பீரோ வாங்கினவர் இரண்டு பலாப்பழம் கொடுத்தார். சேவலை வாங்கிக்கொண்டு ஒரு கோழியைக் கொடுத்தார்கள். தட்டு நிறைந்துதான் இருந்தது; ஆனால் வடிவின் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு வீடு தாண்டியதும் வண்டி கனத்தது.

"சுமை இருக்கு, அப்புறம் ஏன் இழுக்க மாட்டேங்குது?" என்று மூச்சு வாங்கினாள்.

"வெயிலு" என்று சொல்லி, கொம்பையா வண்டியை ஒரு புளிய மரத்தடிக்குத் திருப்பினான். கிழக்கே திருப்பியதுதான் தாமதம், வண்டி அவன் கையை உதறிக்கொண்டு ஓலப்பட்டியைப் பார்த்து ஓட்டமெடுத்தது. கோழி கத்த, பலாப்பழம் உருள, "ஏ நில்லு, ஏ நில்லு" என்று கொம்பையா மாட்டை விரட்டுகிறவன் மாதிரி ஓடி, அடுத்த ஊர் எல்லையில் வேகத்தடையில் முட்டி நின்ற வண்டியைப் பிடித்தான். பிடித்து, மேற்கே திருப்பினான். கனத்தது. கிழக்கே திருப்பினான். இழுத்தது. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் விளங்கியது: சுமை எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டைப் பார்த்துத்தான் இலேசாகும். போகிற பக்கத்தில் எதிர்பார்த்து யாராவது இருக்க வேண்டும். காலி கேன்களுக்காக எந்த வாசலில் யார் நிற்கப்போகிறார்கள்?

தட்டில் மேற்கே போக வேண்டியது இப்போது உலகம்மாளின் தூக்குவாளி ஒன்றுதான். ஒரு தூக்குவாளி ஊறுகாயின் பலத்தில் அவர்கள் தேனூத்து வரை போனார்கள். அந்த ஊறுகாயில் என்ன இருந்ததோ, பீரோவுக்குக் குறையாமல் இழுத்தது. ஊருக்குள் நுழைந்ததும் வடிவு வீட்டை விசாரிக்கவே இல்லை. ஓட்டுக்கூரை போட்ட ஒரு வீட்டு வாசலில் வண்டி தானாக நின்றுகொண்டது.

முப்பிடாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தூக்குவாளியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு கம்மி."

"நல்லா இருக்கீங்களான்னு உங்க அக்கா..."

"நான் கேட்டேனா?" ஊறுகாயை ஒரு ஜாடிக்கு மாற்றினாள். தூக்குவாளியைப் புளி போட்டு விளக்கினாள், சேலை முந்தியில் துடைத்தாள், மூடி போட்டு வடிவு கையில் கொடுத்தாள். பளபளவென்று காலியாக இருந்தது. "இருட்டப் போகுது. மலையில என்ன வச்சிருக்கு, ஆளா பேரா? இங்கயே படுத்துட்டு விடிஞ்சதும் ஊரைப் பாத்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனவள் ஒரு முறத்தோடு வந்தாள். "வந்ததுதான் வந்த. இந்தச் சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுக் குடு தாயி."

வடிவின் கை அரிவாள்மனையைத் தேடிப் போய்விட்டது. உட்காரக்கூட உட்கார்ந்துவிட்டாள். ஒரு வெங்காயத்தின் தோல்கூட வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வாசலுக்கு நேரே பஞ்சுமலை நிற்கிறது, பக்கத்தில் வந்ததும் நீலம் போய்ப் பச்சையாகி, தலையில் துண்டு கட்டினது போல ஒரு மேகம் சுற்றியிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ச் சீட்டில் ஏறினாள். மிதித்தாள். நகரவில்லை.

கொம்பையா தள்ளினான். தேனூத்துக்காரர்கள் வந்து தள்ளினார்கள். வடிவு எல்லாவற்றையும் சொன்னாள், அவர்களும் எங்களைப் போலத்தான், வண்டியா இப்படி என்று யாரும் கேட்கவில்லை. மேலே யாருக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் கலந்து பேசினார்கள். யாருக்கும் யாரும் இல்லை. சாமிக்குத் தேங்காய் வைத்துப் பார்த்தார்கள். சாமி பாதி மலையில் இருப்பதால் பாதி மலை வரைக்கும்தான் போகும் என்று ஒருவர் சொன்னார். அதற்குமேல் தேங்காயை யார் கேட்பார்கள், வண்டி நட்டநடுக் காட்டில் நின்றால் யானைக்கு யார் பதில் சொல்வது என்று இன்னொருவர் கேட்டார். தேங்காயை எடுத்துவிட்டார்கள். கருங்கல்லை ஏற்றிப் பார்த்தார்கள். கருங்கல்லாகவே கனத்தது.

"திரும்பிருவமாளா?" என்றான் கொம்பையா, மெதுவாக. அவன் சொன்னதும் நிலக்கடலையும் பலாப்பழமும் கோழியும் ஏறிய வண்டி தலையைக் கிழக்கே லேசாகத் திருப்பியது.

வாசற்படியில் நின்றபடி முப்பிடாதி சத்தமாகச் சிரித்தாள். "ஆளில்லாத மலைக்கு எதைக் கொண்டுபோவ? அங்க உன்னை யாரு எதிர்பாத்துக்கிட்டு இருக்கா?"

வடிவு மலையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து மாடியில் கேனோடு நின்று முதல் தடவை பார்த்த நாளிலிருந்து அங்கே ஒருத்தி உட்கார்ந்துதான் இருக்கிறாள். காலை நீட்டிக்கொண்டு, மடியில் முறம் இல்லாமல், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு. வடிவு இறங்கினாள். கடலை மூட்டையை இறக்கி முப்பிடாதி வாசலில் வைத்தாள். பலாப்பழத்தை வைத்தாள். கோழியைக் கட்டினாள். கூடாரத்தையும் பாயையும் ஸ்டவ்வையும் ரவையையும் காலித் தூக்குவாளியையும் மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேன் வைக்கிற தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னளா பண்ற?" என்றான் கொம்பையா. அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அவள் தட்டில் ஏறி உட்கார்ந்ததில்லை. பொம்பளை தட்டில் உட்கார்ந்து போனால் ஆஸ்பத்திரிக்கு என்று நினைப்பார்கள்.

"மிதிங்க."

"நான் மிதிச்சு எனக்குப் பழக்கமே..."

"ஒரு உருப்படி ஏத்தியிருக்கு. மலைக்கு மேல குடுக்கணும். மிதிங்க."

கொம்பையா காலை வைத்தான். வைத்தானோ இல்லையோ, வண்டி முப்பிடாதியின் சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியது. பீரோ ஏற்றிய அன்றைக்கும் அது அப்படிப் போனதில்லை. வளைவுக்கு வளைவு ஒடித்து ஒடித்து ஏறியது. எஸ்டேட்டுக்குப் போகும் கடைசி பஸ் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்க, அதை ஒதுங்கச் சொல்லி மணியடித்துவிட்டு முந்தியது. கண்டக்டர் படியில் தொங்கி, "யம்மா, ஆஸ்பத்திரி கீழ இருக்கு!" என்று கத்தினார். "எங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே!" என்று திரும்பக் கத்தினாள் வடிவு. கொம்பையா பெடலைத் தேடிக்கொண்டிருந்தான். பாதி மலையில் சாமி இருந்தார், கும்பிட நேரமில்லை. எஸ்டேட் ரோடு முடிந்தது, அதற்குமேல் புல்தான். புல்லும் முடிந்து, இனி வானம்தான் என்கிற இடத்தில், வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி வண்டி நின்றது.

அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பாள் வடிவு. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரும் துக்கம் கேட்க வரவில்லை. யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. விடியும்போது அவள் முதலாளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். மேகம் ஒவ்வொன்றாக, பந்திக்கு வருகிறவர்கள் போல, செருப்பை வெளியே விட்டு வருகிற பதவிசோடு உள்ளே வந்து பாயைச் சுற்றி உட்கார்ந்தது. வெளியே கொம்பையா முதல் தடவையாக ஸ்டவ்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மேகத்துக்குள் தலையை நீட்டினான்.

"உப்புமாவுக்கு வெங்காயம் எங்க இருக்கு?"

"வெங்காயமே கொண்டுவரல."

"சரி" என்று தலையை இழுத்துக்கொண்டான்.

உப்புமா நன்றாக இல்லை. அதைவிட நல்ல உப்புமாவை அவள் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. கூடாரத்தைச் சுருட்டும்போது, மூடி கழன்று கிடந்த தூக்குவாளியில் ஒரு மேகம் புகுந்து படுத்திருப்பதைப் பார்த்தாள். கொட்டப் பார்த்தாள், வரவில்லை. வேறு வழியில்லாமல் மூடி போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்ததில் சொல்ல ஒன்றுமில்லை. தேனூத்தில் மூட்டையையும் கோழியையும் ஏற்றியதும் வண்டி வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி ஓடிவந்துவிட்டது. முப்பிடாதி மட்டும் வாசலில் நின்று தூக்குவாளியையே பார்த்தாளாம். அதன் வெளிப்புறம் வேர்த்திருந்ததாம்.

தூக்குவாளியை வடிவு ஒரு வார்த்தையும் சொல்லாமல் உலகம்மாளிடம் கொடுத்தாள். வழக்கம்போலக் காலி என்று நினைத்து அலட்சியமாக வாங்கின உலகம்மாள் சில்லிப்பில் கையை உதறினாள். திறந்தாள். மேகம் எழுந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, விட்டத்துக்குக் கீழே போய் இருந்துகொண்டது. கரிசல் காட்டு வெயிலில் வெந்துபோயிருந்த வீடு குளிர்ந்தது. உலகம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். "இத்தனை வருசத்துல இப்பத்தான் கை நிறைய ஒண்ணு குடுத்துவிட்டிருக்கா." அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டு, "வந்து சேந்துச்சு" என்றாள். அந்தப் பக்கம் ஊறுகாய் ஜாடியின் மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பத்திரமா வச்சுக்கோ" என்றாள் முப்பிடாதி. எதை என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பந்தி விஷயம் அதோடு முடிந்தது.

தெரு மேகத்துக்குப் பழகிக்கொண்டது. வத்தல் காயப்போடுகிறவர்கள் உலகம்மாள் வீட்டுப் பக்கம் போவதில்லை. மத்தியான வெயிலுக்கு எல்லோரும் அங்கேதான். உள்ளே போகும்போது குடை எடுத்துக்கொள்வோம். மில் முதலாளியும் தனக்காகக் கொக்குளத்தில் ஒப்பாரி வைத்த செய்தி தெரிந்து முதலில் கோபப்பட்டார், மறுநாள் தையல் கடைக்கு வந்து, "அந்தப் பாட்டுல மீசையைப் பத்தி என்னப்பா சொன்னாங்க?" என்று விசாரித்தார், அடுத்த தடவை போகும்போது கூடாரத்துக்கு நல்ல படமாகத் தருவதாகவும் சொன்னார்.

"மலையில யார் வீட்டுலளா தங்குன?" என்று பெண்கள் வடிவைக் கேட்டார்கள். "எங்க வீட்டுலதான்" என்றாள். எப்படிப் போனாய் என்று கேட்டார்கள். சுமையாகப் போனேன் என்றாள். யாருக்கு என்று கேட்டார்கள். எனக்கு என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய், அடுப்படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்களாம்.

அதற்கடுத்த மழை வெறித்த காலையில், மேற்கே நீலக் கோடு பளிச்சென்று தெரிந்தது. வடிவு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் வந்தாள், கையில் தூக்குவாளி இல்லை. தட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பீரோக்காரர் மனைவி வந்தாள், தொட்டில்காரி வந்தாள், ஜெபமணி அண்ணாச்சி வீட்டு மதினி வந்தாள். யார் கையிலும் ஒன்றும் இல்லை. தட்டில் இடம் இல்லாதவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எந்த ஊருக்குக்கா, யார்கிட்டக் குடுக்கணும்?" என்று ஜெபமணி அண்ணாச்சி உலகம்மாளைக் கேட்டார். பதில் வருமுன் தன் மனைவியையும் பார்த்துவிட்டார். "நீ எங்களா போற?"

"வண்டிக்குத் தெரியும். கயித்தை விடுங்க" என்றாள் மதினி.

கயிறு என்று ஒன்று கட்டியிருக்கவே இல்லை, அவர்தான் இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டார். வடிவு சீட்டில் ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவள் ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டாள். அத்தனை பேர் ஏறிய வண்டியின் சக்கரத்தடம் ஈர மண்ணில் விழவே இல்லை என்று பிறகு போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் எங்கள் தெருவில் ஆம்பளைகள்தான் சாம்பார் வைத்தார்கள். எல்லார் வீட்டுச் சாம்பாரிலும் சின்ன வெங்காயம் தோலோடு, முழுசு முழுசாக மிதந்தது. உரித்து உரித்து, ஓரமாக வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.